பல்பை மாற்றும் முன்: வீட்டு மின்வேலைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு வீடாகப் படியேறி மின்வேலை பார்க்கும் தோழர்களுக்கு,



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உங்கள் கைபேசி ஓயாது. "அண்ணே, ஹால் லைட்டு மினுக்குது." "தம்பி, மோட்டார் போட்டா எல்லா லைட்டும் டிம் ஆகுது." "சார், சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் பெட்ரூம் பல்பு லேசா எரிஞ்சுகிட்டே இருக்கு." இப்படி வருகிற அழைப்புகளுக்கு நீங்கள் புதுப் பல்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவீர்கள். போய் மாற்றிப் போட்டதும் விளக்கு ஒழுங்காக எரிந்தால் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவீர்கள்.

மின்பணியாளர் படிப்பில் பாடம் சொல்லிக்கொடுப்பவன் நான். படித்து முடித்த பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் சந்தேகம் கேட்டு அழைப்பார்கள். அந்தச் சந்தேகங்களில் பல, பல்பில் தொடங்கி ஜங்ஷன் பாக்ஸிலோ மீட்டர் போர்டிலோ மின்கம்பத்திலோ போய் முடிகின்றன. அதனால்தான் இந்த மடல். வெளிச்சம் கூடிக் குறைகிற விளக்கு, அந்த வீட்டு ஒயரிங்கின் நிலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பல்பை மாற்றுவதற்கு முன் அது சொல்வதைக் கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் அந்தச் செய்தி சாதாரணமானது. சில வீடுகளில் அது டி.வி., ஃபிரிட்ஜோடு மனித உயிருக்கும் சேர்த்து விடுக்கும் எச்சரிக்கை.

நம் முன்னோடிகளுக்கு இந்த வேலை ஒரு வகையில் எளிதாக இருந்தது. குண்டு பல்பு ஒளிந்து விளையாடாது. வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலே அதன் வெளிச்சம் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்துவிடும். கம்பி சிவந்தால் வோல்டேஜ் குறைவு, வெள்ளையாகக் கண்ணைப் பறித்தால் வோல்டேஜ் அதிகம். வாசலில் நின்றபடியே நோயைச் சொல்லிவிடலாம். பிறகு சி.எஃப்.எல். வந்தது. அதன் பின் எல்.இ.டி. வந்தது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயின. மின்சாரம் மிச்சமானது உண்மை, அது பெரிய நன்மை. ஆனால் குண்டு பல்பைப் பார்த்து நோயைச் சொன்ன பழக்கம் எல்.இ.டி.யிடம் பலிக்காது. அதன் குணத்தைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்.இ.டி. பல்பின் வயிற்றுக்குள் ட்ரைவர் என்ற சிறு சுற்று இருக்கிறது. அதில் பொதுவாக இரண்டு ரகங்களைப் பார்க்கலாம். நல்ல ட்ரைவர், வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும். வீட்டில் 180 வோல்ட் வந்தாலும் 250 வோல்ட் வந்தாலும் வெளிச்சம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. மலிவுப் பல்புகள் சிலவற்றில் ஒரு கெப்பாசிட்டரை வரிசையில் போட்டு வோல்டேஜை இறக்கியிருப்பார்கள். அங்கே மின்னழுத்தம் அசைந்தால் வெளிச்சமும் அசையும். இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நல்ல பல்பு வீட்டின் குறையை மறைத்துவிடும், மலிவுப் பல்பு காட்டிக்கொடுக்கும். மினுக்கிய மலிவுப் பல்பைக் கழற்றிவிட்டு நல்ல பல்பைப் போட்டதும் மினுக்கல் நின்றால், குறை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் பையில் 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று எப்போதும் இருக்கட்டும், கூடவே ஒரு மல்டிமீட்டரும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஏணி கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பல்பு மட்டுமா, பல பல்புகளா? எந்த நேரத்தில், எதைப் போடும்போது? மங்குகிறதா, அல்லது எங்காவது வழக்கத்தைவிடப் பிரகாசம் கூடுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே ஒரு பல்பு மட்டும் மினுக்கினால் அதே பல்பை வேறு அறையில் போட்டுப் பாருங்கள். குறை பல்போடு போனால் பல்பைத்தான் மாற்ற வேண்டும். ட்ரைவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வெப்பத்தில் காய்ந்துவிடும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பொதுக் கணக்கு. மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் காற்றோட்டமில்லாமல் எரிகிற பல்புகள் சீக்கிரம் போவது இதனால்தான். இன்னொரு வகையும் உண்டு. போட்டவுடன் நன்றாக எரியும், பத்து நிமிடத்தில் அணையும், ஆறியதும் மறுபடி எரியும். உள்ளே ஒரு எல்.இ.டி. சிப்பின் இணைப்போ ஈயப்பற்றோ சூட்டில் விரிந்து விடுகிறது என்று பொருள். பழுதான சிப்பை ஷார்ட் செய்து ஓட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மீதி சிப்புகள் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதால், அப்படிச் சரிசெய்த பல்பை வாடிக்கையாளர் வீட்டில் மாட்டாதீர்கள். பல மலிவுப் பல்புகளில் உள்சுற்று முழுவதும் நேரடியாக மெயின்ஸோடு தொடர்பில் இருப்பதால், மூடியைக் கழற்றிய பல்பைச் சோதிக்க எரியவிடுவதும் ஆபத்து.

குறை பல்போடு போகாமல் அந்த இடத்திலேயே தங்கினால் முதலில் ஹோல்டரைப் பாருங்கள். குண்டு பல்பு காலத்தில் போட்ட பின் ஹோல்டர்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 100 வாட்ஸ் சூட்டில் வெந்த பேக்லைட் பொரிந்துபோயிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பின்னின் நுனி கருத்திருக்கும். அந்தத் தளர்ச்சியில் எழுகிற சிறு பொறிகள் கெப்பாசிட்டர் வைத்த பல்புக்கு எமன். பொறியில் பிறக்கும் வேகமான அலைவுகளைக் கெப்பாசிட்டர் தடுக்காது, அப்படியே உள்ளே விட்டுவிடும். "இந்த ஒரு இடத்தில் மட்டும் பல்பு நிக்கவே மாட்டேங்குது" என்று வீட்டம்மா சொன்னால் கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம், ஹோல்டரை மாற்றிப் பாருங்கள்.

அங்கே டிம்மர் இருக்கிறதா என்றும் பாருங்கள். குண்டு பல்புக்கென்று செய்த பழைய டிம்மருக்குக் குறைந்தபட்ச லோடு வேண்டும். 9 வாட்ஸ் எல்.இ.டி. அதற்குப் போதாது. டிம்மரோடு ஒத்துப்போகும் என்று அட்டையில் எழுதியிராத பல்பை அதில் போட்டால் துடிக்கும், ரீங்காரமிடும், இடையில் அணையும். சி.எஃப்.எல். இன்னும் எரிகிற வீடுகளில், போட்ட ஓரிரு நிமிடம் மங்கலாக எரிந்து பிறகு முழு வெளிச்சத்துக்கு வருவது அதன் இயல்பு. உள்ளே பாதரச ஆவி உருவாக நேரம் எடுக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் குளிரில் இது இன்னும் தாமதமாகும். குழாயின் முனைகள் கருத்துவிட்டால் மட்டுமே ஆயுள் முடிகிறது என்று கொள்ளுங்கள். பாதரசம் இருப்பதால் உடைக்காமல் தனியாக எடுத்துவைத்து மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, அணைத்த பிறகும் எரிகிற பல்பு. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கண்டு பயப்படுவார்கள். காரணம் மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், அதன் வழியாகக் கசியும் மில்லி ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் ட்ரைவரில் சிறிது சிறிதாகச் சேர்ந்து பல்பை மினுக்கும். மாடிப்படி டூ-வே ஒயரிங்கில், நீளமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிற ஒயர்களில் ஒன்றில் சப்ளை இருந்தால் மற்றதிலும் சொற்ப மின்சாரம் தொற்றிக்கொள்ளும். இவை இரண்டும் பெரிய ஆபத்தில்லை. இண்டிகேட்டரைக் கழற்றுவதோ, மெயின்ஸில் நேரடியாகப் போடத் தகுதி பெற்ற எக்ஸ்-2 ரகக் கெப்பாசிட்டரை ஹோல்டருக்குக் குறுக்கே பாதுகாப்பாகப் பொருத்துவதோ போதும்.

மூன்றாவது காரணம் வேறு வகையைச் சேர்ந்தது. சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் முழு 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். குண்டு பல்பு இருந்தவரை இது யாருக்கும் தெரியாது, அணைத்தால் அணைந்துவிடும். இப்போது எல்.இ.டி. லேசாக எரிந்து அதைச் சொல்கிறது. அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஈரக்கையோடு பல்பைக் கழற்றுகிற ஒருவருக்கு அந்த நம்பிக்கையே எமனாகலாம். ஆகவே "எல்.இ.டி.ன்னா அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சுவிட்ச் போர்டைத் திறந்து, மீட்டர் வைத்து, பேஸ்தான் சுவிட்சுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த வீட்டில் ஒரு சுவிட்ச் இப்படியிருந்தால் மற்றவற்றையும் பார்க்க வேண்டும். பல நேரம் டி.பி.யிலேயே பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும்.

இப்போது பல விளக்குகள் ஒன்றாக மங்கும் வீட்டுக்கு வருவோம். மோட்டார் போடும்போது ஒரு நொடி வெளிச்சம் இறங்கி உடனே நிமிர்ந்தால், அது மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட். ஓடும்போது எடுப்பதைப்போல் ஆறேழு மடங்கு கரண்ட்டை அது அந்த நொடியில் இழுக்கும். இறக்கம் சிறிதாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அயன் பாக்ஸ், கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவை ஓடுகிற நேரம் முழுக்க வெளிச்சம் இறங்கியே இருந்தால் வழியில் எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது, அல்லது ஒயர் லோடுக்குப் போதவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்: லோடு ஓடும்போது அளப்பது. 1000 வாட்ஸ் அயன் பாக்ஸ் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அது ஏறத்தாழ 4.3 ஆம்பியர் எடுக்கும். அதைப் போடுவதற்கு முன்னும் போட்ட பிறகும் அந்தப் பிளக்கில், பிறகு டி.பி.யில், பிறகு மெயின் ஸ்விட்சில் வோல்டேஜைப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 15 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால், இந்த லோடுக்கு இறங்க வேண்டியது ஒன்றரை வோல்ட் சொச்சம்தான். டி.பி.யில் மாற்றமே இல்லாமல் பிளக்கில் மட்டும் 10 வோல்ட் இறங்கினால், மீதி எட்டு வோல்ட்டுக்கு மேல் நடுவில் ஒரு இணைப்பில் தொலைகிறது. அந்த எட்டரை வோல்ட்டை 4.3 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 36 வாட்ஸ். நம் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயன் 25 வாட்ஸ். அதைவிட அதிகமான சூடு, பலகைக்கும் பி.வி.சி. பைப்புக்கும் நடுவே, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முறுக்கு இணைப்பில், யார் கண்ணுக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கிறது. "லைட்டு கொஞ்சம் டிம்மா இருக்கு, அவ்வளவுதான்" என்று வீட்டுக்காரர் சொன்ன குறையின் முழு எடையும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

எம்.சி.பி. இதைப் பார்த்து விழாது, ஏனென்றால் கரண்ட் அளவுக்கு மீறவில்லை. ஆர்.சி.சி.பி. விழாது, ஏனென்றால் எதுவும் வெளியே கசியவில்லை. தளர்ந்த இணைப்பைக் காட்டிக்கொடுக்க அந்த வீட்டில் இருப்பவை மங்கும் விளக்கும், பேக்லைட் கருகும் வாசனையும், போர்டுக்குள் கேட்கும் 'சட் சட்' சத்தமும், நீங்களும்தான்.

நம் ஊரில் இந்தத் தளர்ச்சி அதிகமாக வருகிற இடங்கள் உங்களுக்கே தெரியும். கம்பத்திலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் ஒயரும் வீட்டுச் செம்பு ஒயரும் சேரும் இடம் முதலாவது. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. இறுக்கிய திருகின் கீழ் அலுமினியம் நாளாக நாளாக நசுங்கித் தளரும். செம்போடு நேராக முறுக்கினால் ஈரத்தில் அரிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த அரிப்பை இன்னும் வேகப்படுத்தும். முதல் மழைக்கு விளக்கு மினுக்குவது இந்த இணைப்பில் ஈரம் இறங்குவதால். பைமெட்டாலிக் லக் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள். செலவு சிறிது, பலன் பல வருடங்களுக்கு. இரண்டாவது இடம், பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஃபியூஸ் கேரியர் வைத்த மெயின் போர்டு. நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கவே கூடாது, லிங்க்தான் இருக்க வேண்டும். கண்டால் மாற்றிவிடுங்கள்.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அடுத்த செய்திக்காகத்தான். சில விளக்குகள் மங்கும்போது வேறு சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், விசிறி ஒன்று சுணங்கி இன்னொன்று பறந்தால், வேறெதையும் தொடாமல் முதலில் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் அழைக்கும்போதே இதைக் கேளுங்கள். "ஏதாவது லைட்டு ரொம்ப வெளிச்சமா எரியுதாக்கா?" என்று கேட்டு, ஆம் என்றால், "நான் வர்றவரைக்கும் மெயினை ஆஃப் பண்ணி வையுங்க, ஃபிரிட்ஜ், டி.வி. பிளக்கைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மூன்று பேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு பேஸில் 1000 வாட்ஸ் அயன் பாக்ஸ் ஓடுகிறது. இன்னொரு பேஸில் விளக்கு, விசிறி, டி.வி. எல்லாம் சேர்ந்து 250 வாட்ஸ். மூன்றாவது பேஸில் எதுவும் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக எல்லாவற்றையும் வெறும் மின்தடையாகவே எடுத்துக்கொள்வோம். அயன் பாக்ஸின் மின்தடை ஏறத்தாழ 53 ஓம், மற்ற லோடின் மின்தடை ஏறத்தாழ 212 ஓம். நியூட்ரல் இருக்கும்வரை இரண்டுக்கும் தனித்தனியே 230 வோல்ட். நியூட்ரல் விட்டதும் இரண்டும் சீரிஸாகி, இரண்டு பேஸ்களுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டுக்குக் குறுக்கே நிற்கின்றன. வோல்டேஜ் மின்தடைக்கு ஏற்பப் பிரிகிறது: அயன் பாக்ஸுக்கு 80 வோல்ட், டி.வி.யும் விளக்கும் இருக்கும் பக்கத்துக்கு 320 வோல்ட். லோடு குறைவாக இருக்கும் பக்கத்துக்கே அடி அதிகம். மென்மையான மின்னணுச் சாதனங்கள் இருப்பதும் அங்கேதான். நல்ல எல்.இ.டி. பல்பு கொஞ்ச நேரம் வெளிச்சம் மாறாமல் தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாகப் போகும். ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் பல்புகள், செட்டாப் பாக்ஸ், சார்ஜர் என்று வரிசையாகப் போனால் அதையும் நியூட்ரல் தளர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

ஒரே பேஸ் சப்ளை உள்ள வீட்டில் அந்த வீட்டு நியூட்ரல் மட்டும் அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும், வோல்டேஜ் கூடாது. ஆனால் டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு துளையிலும் எரியும். நாம் ரிட்டர்ன் என்று சொல்வது இதைத்தான். நியூட்ரல்தானே என்று தொட்டுவிடாதீர்கள், அதில் முழு வோல்டேஜ் நிற்கிறது. ஒரே பேஸ் வீட்டிலும் விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், தெருவின் நியூட்ரலிலோ ட்ரான்ஸ்பார்மரிலோதான் கோளாறு. பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். ஒரு வீட்டில் மங்கலும் எதிர் வீட்டில் பிரகாசமுமாக இருந்தால் உறுதி. அங்கே நம் வேலை ஏதுமில்லை. மீட்டருக்கு முந்தைய சீல் வைத்த பகுதியும் கம்பமும் மின்வாரியத்தின் பொறுப்பு. உடனே மின்வாரிய நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கோ உள்ளூர் இ.பி. அலுவலகத்துக்கோ சொல்ல வையுங்கள். "வோல்டேஜ் பிரச்சினை" என்று பொதுவாகச் சொல்லாமல், "நியூட்ரல் விட்டிருக்கிறது, சில வீட்டில் ஹை வோல்டேஜ் வருகிறது" என்றே சொல்லச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அவசரம் புரியும்.

இதே விபத்தை நம் கையாலேயே உண்டாக்கிவிடவும் வழி இருக்கிறது. மூன்று பேஸ் டி.பி.யில் பேஸ்கள் ஆனில் இருக்கும்போது நியூட்ரல் லிங்க்கை ஒரு நொடி கழற்றினாலும் போதும், மேலே சொன்ன 320 வோல்ட் அந்த நொடியிலேயே வந்து நிற்கும். கழற்றும்போது பேஸ் முதலில், நியூட்ரல் கடைசியில். மாட்டும்போது நியூட்ரல் முதலில், பேஸ் கடைசியில். அடுக்ககங்களில் ஜெனரேட்டருக்கும் இ.பி.க்கும் மாற்றுகிற சேஞ்ச்ஓவர் ஸ்விட்சிலும் இதே விதிதான்: நியூட்ரல் காண்டாக்ட் முதலில் சேர்ந்து கடைசியில் விலக வேண்டும். பவர் கட் ஆகி ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் விளக்குகள் ஏறி இறங்கினால் அந்தக் காண்டாக்ட்டின் கருமையைப் பாருங்கள். உதவிக்கு வரும் தம்பிகளுக்கு இந்த வரிசையை முதல் நாளே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு பழக்கத்தைக் கைவிடச் சொல்லி உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நியூட்ரல் கிடைக்கவில்லை என்றால் எர்த்தை நியூட்ரலாகப் போட்டு விளக்கை எரியவைத்துவிட்டுப் போவது. "கோடையில் லைட்டு மங்குது, எர்த் குழியில தண்ணி ஊத்தினா நல்லா எரியுது" என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் இந்த வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். எர்த் குழி காய்ந்து அதன் மின்தடை 50 ஓம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைனில் யாரோ 1000 வாட்ஸ் அயன் பாக்ஸைச் செருகுகிறார்கள். வரும் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி குழியில் விழும். அதாவது எர்த் ஒயர் முழுவதும் 110 வோல்ட்டுக்கு மேல் ஏறிநிற்கும். அந்த எர்த் ஒயர் ஃபிரிட்ஜின் உடம்பிலும், வாஷிங் மெஷினின் உடம்பிலும், கிரைண்டரின் உடம்பிலும் இணைந்திருக்கிறது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மாவரைப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்ற வைத்த கம்பியே கொல்ல வருகிறது. நியூட்ரல் எங்கே அறுந்தது என்று தேட நேரமில்லை என்றால் அந்த லைனை அணைத்து வைத்துவிட்டு நாளை வாருங்கள். ஓர் இரவு இருட்டில் இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

இன்வெர்ட்டர் பற்றியும் இரவு நேர வோல்டேஜ் பற்றியும் இரண்டு சொற்கள். பவர் கட்டில் மட்டும் வெளிச்சம் மாறினால், விளக்கு ரீங்காரமிட்டால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். கெப்பாசிட்டர் ரகப் பல்புகளுக்கு அந்த அலை ஒத்துக்கொள்ளாது, கரண்ட் கூடுதலாக ஏறும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இரவு நேரத்தில், தெருவின் லோடு குறைந்த பிறகு, எல்லா விளக்கும் ஒன்றுபோலச் சற்றுக் கூடுதலாக எரிந்தால் மீட்டர் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் கூடுதலான 253-ஐத் தாண்டி நின்றால் தேதி, நேரம், அளவு குறித்து இ.பி. அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

தோழர்களே, இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் கூலி. பல்பை மாற்றினால் பணம் உடனே கையில் வந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் மீட்டரோடு சுற்றி, போர்டுகளைத் திறந்து, ஒரே ஒரு திருகை இறுக்கிவிட்டு இறங்கினால், "ஒண்ணுமே மாத்தலையே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வலிக்கும். அந்த வலியைத் தவிர்க்கவே நாம் தேவையில்லாத பொருளை மாற்றப் பழகுகிறோம்.

இதற்கு என் யோசனை எளிமையானது. குறை கண்டறியும் கூலி என்று ஒன்றைத் தனியாக வையுங்கள், வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அளந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: லோடு இல்லாமல் இத்தனை வோல்ட், லோடு போட்டபின் இத்தனை, இணைப்பைச் சரிசெய்த பிறகு இத்தனை. கருகிய ஒயர் முனையை வெட்டி எடுத்தால் தூக்கிப் போடாமல் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். எண்ணும் கருகலும் கண்ணெதிரே இருந்தால் பெரும்பாலானவர்கள் கூலிக்குத் தயங்க மாட்டார்கள். மீதிப் பேருக்குச் சொல்ல ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள்: "நான் மாத்தாத பல்புக்குத்தான் நீங்க காசு கொடுக்கறீங்க, எரிஞ்சு போகாத டி.வி.க்கும் சேர்த்து."

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்து வந்தவர்களும், உரிமம் உள்ளவர்களும், மேஸ்திரியிடம் கூடவே நின்று கைவேலை கற்றவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். கூடவே நின்று கற்றவர்கள் மின் கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதிச் சான்று வாங்கிவிடுங்கள். கையில் இருக்கும் திறமைக்கு அது சட்டப்படியான மதிப்பு. சங்கமாகக் கூடுகிற ஊர்களில், மழைக்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து குறை கண்டறியும் கூலியை எல்லோரும் ஒரே அளவில் தீர்மானியுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் பேராசை என்பார்கள். எல்லோரும் கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

இந்தப் பருவத்துக்கு உங்களிடம் நான் கேட்பது மூன்று. விளக்கு மினுக்குகிறது என்று அழைப்பு வந்தால் "ஏதாவது பிரகாசமாக எரிகிறதா?" என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். லோடு போட்டு அளக்காமல் எந்த வீட்டிலும் "சரியாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். எர்த்தை நியூட்ரலாக எங்கே பார்த்தாலும், நீங்கள் போட்டதாக இருந்தாலும் வேறு யார் போட்டதாக இருந்தாலும், அதைப் பிரித்துவிட்டுத்தான் அந்த வீட்டைவிட்டு இறங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியன்